பன்னிரண்டு மணிக்குள் இருபத்திநான்கு கணினிகள்

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஏழு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தீர்கள். கணினிகளுக்கு வலையமைப்பு வழியாக விண்டோஸ் இறக்கும்போது என்னென்ன பிழைகள் வரும், எதற்கு எது மருந்து என்று ஒரு பட்டியல் தர முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பட்டியல் என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். அதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, கையேட்டில் இல்லாதது இணையத்தில் இருக்கிறது, நீங்கள் என்னைவிட வேகமாகத் தேடுவீர்கள். அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமையைப் பற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்று வென்ட்வேர்த்வில்லில் வீட்டோடு இருக்கும் எனக்கு, இத்தனை வருட வேலையில் இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு நிமிர்வது அந்த ஒரு நாளுக்குத்தான். அதே நாளில் இரண்டு முட்டாள்தனங்களும் செய்தேன். அவற்றையும் மறைக்கப் போவதில்லை.

முதலில் ஒரு பழைய பாவத்தைச் சொல்லிவிட வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரியில் ஆய்வுகூடத்துக் கணினிகளை எல்லாம் வெறுமையாக்கிப் புதிதாக விண்டோஸ் போடச் சொன்னார்கள். திரையில் இரண்டு குழுக்களின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நான் கீழே இருந்ததைத் தொட்டுவிட்டேன். அது விரிவுரையாளர்களின் குழு. பதினொரு பேருடைய கணினிகள் அவர்கள் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் துடைத்து வைத்த பலகை மாதிரி ஆகிவிட்டன. பதினொரு பேரிடமும் தனித்தனியே போய் மன்னிப்புக் கேட்டேன். அன்று முதல் எனக்கு ஒரு வியாதி தொற்றிக்கொண்டது. எங்கே என்ன பழுதானாலும் அதை நான்தான் கெடுத்திருப்பேன் என்று முதலில் தோன்றும். பணிவு என்று நினைத்து அதை வளர்த்தும் விட்டேன். அது பணிவில்லை என்று தெரிந்துகொள்ள இந்தச் சனிக்கிழமை வரவேண்டியிருந்தது.

பரமாட்டா என்ற புறநகரில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு தேர்வு மையம். விசாவுக்கும் வேலைக்கும் ஆங்கிலத் தேர்வு எழுத வருகிறவர்கள் அங்கே கணினியில்தான் எழுதுவார்கள். இருபத்திநான்கு இருக்கைகள், இருபத்திநான்கு கணினிகள். ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் எல்லாக் கணினிகளையும் வெறுமையாக்கி, மையக் கணினியான சேர்வரில் வைத்திருக்கும் ஒரே பிரதியிலிருந்து விண்டோஸையும் தேர்வு மென்பொருளையும் புதிதாக இறக்க வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. முன்பு எழுதியவர் எதையும் விட்டுப் போயிருக்கக் கூடாது அல்லவா? நான் காலையில் வருவேன், எல்லாவற்றையும் ஒன்றாக எழுப்புவேன், நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். பிறகு கீழே போய்க் கோப்பி குடிப்பேன்.

இன்னொரு விதியும் இருந்தது. தேர்வு ஒரு மணிக்கு. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் எத்தனை இருக்கைகள் தயார் என்று சொல்ல வேண்டும். தயாராக இல்லாத இருக்கைக்கு உரியவர் அடுத்த தேர்வுக்குத் தள்ளப்படுவார். கடைசியாகப் பதிந்தவரிலிருந்து மேல்நோக்கித் தள்ளுவார்கள். மேற்பார்வையாளர் எலெனி என்ற கிரேக்கப் பெண்மணி. என் வயதுதான். கணினி பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே பெருமையாகச் சொல்லுவார்.

அன்று எட்டரைக்கு வந்து எல்லாவற்றையும் எழுப்பினேன். வெறுமையான கணினி எழும்பியதும் முதலில் வலையமைப்பில் தனக்கு ஒரு முகவரி கேட்கும். கிடைத்ததும், எனக்கு விண்டோஸ் தருவது யார் என்று கேட்கும். அன்று இருபத்திநான்கு கணினிகளும் முகவரி கேட்டன, சிறிது நேரம் பார்த்தன, கையை விரித்துவிட்டன. மறுபடி எழுப்பினேன். மறுபடியும் அதே கதை. வாசலில் எலெனியின் மேசையில் இருந்த கணினி மட்டும் ஒழுங்காக எழும்பி விண்டோஸை வாங்கத் தொடங்கியது. அதை நான் கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. அது வேறு மாதிரிக் கணினி, அதற்கு வேறு நியாயம் இருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன்.

ஏனென்றால் என் வியாதி வேலையைத் தொடங்கிவிட்டது. முகவரி கொடுப்பதும் விண்டோஸ் கொடுப்பதும் எங்கள் ஒரே சேர்வர்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் அந்தச் சேர்வரில் ஒரு சின்ன மாற்றம் செய்திருந்தேன். போச்சு, கை வைத்துக் கெடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். செய்ததை மாற்றினேன், சரிவரவில்லை. அமைப்பு முழுவதையும் பழைய நிலைக்குக் கொண்டுபோனேன், சரிவரவில்லை. சேர்வரை நிறுத்தி எழுப்பினேன். இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. இடையில் எலெனி வந்து, தன் கணினி ஒழுங்காக வந்துவிட்டதே, அப்படியென்றால் எல்லாமே பிழையாக இருக்க முடியாதல்லவா என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று நினைத்தேன். முகத்திலும் அது தெரிந்திருக்கும். அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து தமிழில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். முப்பது வயதைத் தாண்டியவள். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு எழுந்தாள். பெயர் மேகலா, ஊர் திருச்சி, இருப்பது ஸ்ட்ராத்ஃபீல்டில். வார இறுதியில் தண்டவாள வேலை என்று ரெயினை நிறுத்திப் பஸ் விட்டுவிடுவார்கள் என்று பயந்து மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்திருக்கிறாள். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, உள்ள ஏதோ பிரச்சனைன்னு பேசிக்கிறாங்க. இன்னைக்கு டெஸ்ட் நடக்கும்ல?"

நான் பொதுவாக யாரிடமும் கதை கேட்பதில்லை. அவளாகவே சொன்னாள். அவளுடைய மாணவர் விசா அடுத்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் இந்தத் தேர்வின் முடிவை வைத்து அடுத்த விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இதை விட்டால் அடுத்த இருக்கை மூன்று வாரம் கழித்துத்தான். வேறு மையங்களிலும் விசாரித்துவிட்டாளாம், எல்லாம் நிரம்பிவிட்டதாம்.

"என் விசாவுலதான் அவரும் பாப்பாவும் இருக்காங்க," என்றாள். "இது போச்சுன்னா மூணு பேரும் கிளம்ப வேண்டியதுதான்."

தேர்வு நடக்கும், பயப்படாமல் இருங்கள் என்றேன். நடக்குமா என்று எனக்கே தெரியாது. வாக்குக் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தேன். அதுவரை நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது என் பெயரைப் பற்றி. இந்த முறையும் இவள்தான் கெடுத்தாள் என்று என்னைச் சொல்வார்களே என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

உள்ளே வந்ததும் நான் சேர்வர் பக்கம் போகவில்லை. எலெனியின் மேசைக்குப் போனேன். அவர் சொன்னது எளிய உண்மை. அவருடைய கணினிக்கு முகவரி கொடுத்ததும் அதே சேர்வர்தானே? அப்படியென்றால் சேர்வரில் பிழை இல்லை. ஒன்றரை மணி நேரம் நான் வைத்தியம் பார்த்தது சுகமாக இருந்தவருக்கு. இருபத்திநான்கு ஏன் எழும்பவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, இந்த ஒன்று ஏன் எழும்பியது என்று முதல்முறையாகக் கேட்டேன். மேசைக்குக் கீழே குனிந்து கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அது சுவருக்குப் போகவில்லை. மேசையில் இருந்த தொலைபேசியின் பின்புறத்துக்குப் போனது. தொலைபேசியிலிருந்து இன்னொரு கேபிள் சுவருக்குப் போனது. அலுவலகங்களில் இப்படித்தான் ஒரே சுவர்த் துளையில் தொலைபேசியையும் கணினியையும் சேர்த்து மாட்டுவார்கள்.

தேர்வு அறையிலிருந்து ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தத் தொலைபேசிக்குப் பின்னால் மாட்டி எழுப்பினேன். முகவரி கிடைத்தது, விண்டோஸ் இறங்கத் தொடங்கியது. அதை ஓடவிட்டு, இன்னொன்றை நேராகச் சுவரில் மாட்டினேன். கையை விரித்தது. என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எலெனி அடிபட்டுவிட்டதா என்று கேட்டார். இல்லை, நீங்கள்தான் சரி, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அப்போதுதான் வியாழக்கிழமை வந்த மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. கட்டடத்தின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெரிய வலையமைப்புச் சுவிட்சை மாற்றியாயிற்று, சோதித்தும் பார்த்தாயிற்று என்று மெல்பேர்னில் இருக்கும் எங்கள் வலையமைப்புப் பொறுப்பாளரிடமிருந்து வந்திருந்தது. புதிய சுவிட்சுகளுக்கு ஒரு பாதுகாப்புப் பழக்கம் உண்டு. ஒரு கேபிளில் உயிர் வந்தால் உடனே கதவைத் திறக்காது. முப்பது வினாடி நிதானித்துப் பார்த்துவிட்டுத்தான் திறக்கும். விண்டோஸ் உள்ள கணினி அந்த முப்பது வினாடியும் காத்திருக்கும், அதனால் சோதித்துப் பார்த்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. வெறுமையான கணினிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கதவு திறக்குமுன் அது கேட்டுக் களைத்து நின்றுவிடும். நடுவில் தொலைபேசி இருந்தால், கணினி நின்று எழும்பினாலும் தொலைபேசி விழித்தே இருக்கும், சுவர்ப் பக்கக் கதவு சாத்தப்படாது.

சாதாரண கணினிகள் மாட்டும் துளைகளில் உடனே திற என்று சுவிட்சுக்கு ஒரு வரி எழுதிவிட்டால் போதும். ஆனால் அந்தச் சுவிட்சின் கடவுச்சொல் என்னிடம் இல்லை. மெல்பேர்ன்காரரிடம்தான் இருந்தது. அவர் பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் வேலையில் இருக்கிறார். எங்களூர்க்காரர், வலையமைப்பில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. அழைத்தேன். அவருடைய மனைவி எடுத்தார். த பேசினில் பிள்ளையார் கோயிலில் நிற்கிறார்கள், அவர் உள்ளே அபிஷேகம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். தயவுசெய்து வெளியே கூப்பிடுங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் வந்தார். நடந்ததைச் சொன்னேன். 

"அந்த வரியைப் போட மறந்து போனன்," என்றார். "என்ர பிழைதான். மடிக்கணினி வீட்ட கிடக்கு. இப்ப வெளிக்கிட்டாலும் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஆகும்."

அது போதாது. விண்டோஸ் இறங்கவே நாற்பது நிமிடம் வேண்டும். நேரம் பத்தரை தாண்டிவிட்டது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தொலைபேசி செய்யும் வேலையை, வீடுகளில் இன்டர்நெட் கேபிளைப் பலவாகப் பிரிக்கப் பாவிக்கும் குட்டிப் பெட்டியும் செய்யும். சுவருக்கும் கணினிகளுக்கும் நடுவில் அதை மாட்டினால் போதும். ஆனால் தேர்வு மையத்தின் வலையமைப்பில் வெளிப்பெட்டியைக் கேட்காமல் மாட்டுவது திருட்டுக்குச் சமம். நீங்கள் ஒருநாளும் செய்யக் கூடாது. அவரிடம் கேட்டேன். ஒரு துளையில் ஒரு கணினிக்கு மேல் மாட்டினால் சுவிட்ச் அடைத்துவிடாதா என்றும் கேட்டேன்.

"அந்தக் கட்டுப்பாட்டையும் நான் இன்னும் போடேல்லை," என்றார், குரல் இறங்கி. "நீர் பெட்டியளைப் போடும். நான் அனுமதி தந்தது எண்டு இப்பவே எழுத்தில அனுப்புறன். பின்னேரம் எல்லாத்தையும் கழட்டிப் போடும்."

அவருடைய மறதிதான் எங்களைக் கவிழ்த்தது. அவருடைய இன்னொரு மறதிதான் எங்களைக் காப்பாற்றியது. இதை நான் அவரிடம் பல தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன், அவர் ஒரு தடவையும் சிரித்ததில்லை.

அடுத்து என் வீட்டுக்காரரை அழைத்தேன். அவர் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் மைக்கும் தேநீரும் கவனிக்கிறவர். எட்டுத் துளை உள்ள பெட்டி மூன்று உடனே வேண்டும் என்றேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எங்கள் கராஜில் ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் இரண்டு இருக்கிறது, அதிபரிடம் கேட்டுக் கழற்றி வருகிறேன் என்றார். அன்று எத்தனை வகுப்புக்குப் பாட்டுக் காணொளி நின்றுபோனதோ தெரியாது. பதினொன்று ஐந்துக்குக் கீழே தெருவில் வாகனம் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு சோறு காவிக் கொண்டுபோகும் பையில் மூன்று பெட்டியையும் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. பையை என் கையில் தந்துவிட்டு, வாகன அபராதம் போடும் பரிசோதகர் வருவதற்குள் போகவேண்டும் என்று திரும்பி ஓடினார்.

தொலைபேசியில் சோதித்த கணினி அதற்குள் தயாராகிவிட்டது. மீதி இருபத்திமூன்று. மூன்று பெட்டி, ஒவ்வொன்றிலும் எட்டு, மொத்தம் இருபத்திநான்கு என்று வழியெல்லாம் மனக்கணக்குப் போட்டு, ஒன்று மிச்சம் என்றுகூட மகிழ்ந்திருந்தேன். முதல் பெட்டியில் ஏழு கணினிகளை மாட்டியதும் கை நின்றது. எட்டாவது துளை சுவருக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துளை சுவருக்குப் போய்விடும். இருபது வருடமாகக் கேபிளோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு இது தெரியவில்லை. மூவேழு இருபத்தியொன்று. இரண்டு கணினிகள் வெளியே.

இருபத்தியொன்றையும் எழுப்பினேன். இருபத்தியொன்றும் முகவரி வாங்கின. வேறொரு நாளாக இருந்தால் துள்ளியிருப்பேன். எலெனி பட்டியலை எடுத்துக் கடைசி இரண்டு பெயர்களைப் பார்த்தார். இருபத்திநான்காவது பெயர் மேகலா. அதை அவர் மிகுந்த சிரமப்பட்டு வாசித்தார்.  சுவிட்சில் நடந்தது மெல்பேர்ன்காரரின் பிழை. இது முழுக்க என் பிழை. ஒரு பெட்டி கூடுதலாகக் கேட்டிருந்தால் என் வீட்டுக்காரர் அதையும் எங்கேயாவது பிடுங்கிக்கொண்டு வந்திருப்பார். இனித் திரும்பக் கூப்பிட நேரமில்லை.

ஒன்றைத் தூக்கி எலெனியின் மேசைத் தொலைபேசிக்குப் பின்னால் மாட்டினேன். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அறை நடுவில் நின்றேன். இன்னொரு தொலைபேசி எங்காவது இருக்கிறதா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. எலெனியே என் தோளைத் தொட்டு, தான் மதியச் சாப்பாடு சாப்பிடும் சின்ன அறையில் ஒன்று இருக்கிறது, அதற்கு யாரும் அழைப்பதில்லை என்றார். இருவரும் ஓடினோம். நான் கணினியையும் அவர் திரையையும் தூக்கிக்கொண்டு போனோம். மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் இடம் பண்ணி, தொலைபேசிக்குப் பின்னால் மாட்டி எழுப்பினேன். முகவரி வாங்கியது. நேரம் பதினொன்று இருபத்திமூன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நிமிடம் என்றால் பன்னிரண்டு மூன்று.

அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. எதையும் தொடாமல் இருந்ததுதான் நான் செய்த வேலை. வேகமாக இறங்கச் சில தந்திரங்கள் எனக்குத் தெரியும், கை துறுதுறுத்தது. ஓடுகிற ஒன்றை நிறுத்திவிட்டு இன்னும் நன்றாக ஓடவைக்கப் பார்க்கிறவன் இரண்டையும் இழப்பான். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தேர்வு அறையில் இருபத்தியொன்றும் ஒவ்வொன்றாகத் தேர்வுத் திரையைக் காட்டின. மேசையில் இருந்தது பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தது. சாப்பாட்டு அறையில் இருந்தது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

எலெனி தலைமை அலுவலகத்துக்கு அழைக்கும் நேரம் வந்தது. இருபத்திநான்கு என்று சொல்லட்டுமா என்று என்னிடம் கேட்டார். ஓம், சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. இன்னும் மூன்று நிமிடம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் காலையில் ஒருத்தியிடம் தெரியாமல் வாக்குக் கொடுத்த அனுபவம் இருந்தது. இன்னும் ஒன்று தயாராகவில்லை, இருபத்திமூன்றுதான் உண்மை என்றேன். சொல்லும்போது அழுகை வந்தது.

எலெனி தலையாட்டிவிட்டு எண்ணை அழுத்தினார். பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். வழக்கமாக ஒரே வசனத்தில் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அன்று, இன்று பெயர் பெயராக உறுதிப்படுத்த விரும்புகிறேன் என்று அமைதியாகச் சொல்லி, முதலாம் இருக்கையிலிருந்து தொடங்கினார். இருக்கை எண், முதல் பெயர், குடும்பப் பெயர், ஒவ்வொன்றுக்கும் எழுத்துக்கூட்டல். நேபாளப் பெயர், சீனப் பெயர், பஞ்சாபிப் பெயர், ஒன்றையும் விடவில்லை. மறுமுனையில் இருந்தவர் பொறுமையிழந்தது எனக்குக் கேட்டது. எலெனி ஒரு பெயரில் தடுக்கி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.

நான் சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நடுவில் நின்றேன். ஒரு கண் திரையில், ஒரு காது எலெனியிடம். பதினாறு, பதினேழு. கணினி ஒருமுறை நின்று எழும்பியது. இருபது. விண்டோஸின் வட்டம் சுற்றியது. இருபத்திரண்டு. இருபத்திமூன்றாம் இருக்கைக்காரரின் பெயர் மிகச் சின்னது, அதை எலெனி எப்படியோ இரண்டு தடவை எழுத்துக்கூட்டினார். தேர்வுத் திரை நீலமாக மலர்ந்தது. நான் கையைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினேன். எலெனி ஒரு மூச்செடுத்து, இருபத்திநான்காம் இருக்கை என்றார். மேகலாவின் பெயரை அந்த முறை ஒரு தடக்கலும் இல்லாமல் சொன்னார்.

போனை வைத்ததும் நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இரண்டு கிழவிகள் மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் நின்று சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ. கணினிகளை இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தோம். ஒரு மணிக்கு இருபத்திநான்கு பேரும் உட்கார்ந்தார்கள். மேகலா என்னைக் கடந்து போகும்போது லேசாகத் தலையாட்டினாள். உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, உள்ளே ஏசி ரொம்பக் குளிர் என்று மட்டும் முறையிட்டாள். என் எண்ணைக் கொடுத்து, முடிவு வந்தால் சொல்லச் சொன்னேன். பெட்டிகளைக் கழற்றி, பையில் போட்டு, மெல்பேர்னுக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அறிக்கையில் முதல் வரியாக நான் வீணாக்கிய ஒன்றரை மணி நேரத்தை எழுதினேன். இரண்டாவது வரியில் எலெனி சொன்னதைக் கேட்டிருந்தால் எட்டே முக்காலுக்கே காரணம் தெரிந்திருக்கும் என்று எழுதினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் மேகலா அழைத்தாள்.

"ஆன்ட்டி, ரிசல்ட் வந்துருச்சு. பாஸ். இப்பதான் அப்ளிகேஷன் போட்டு முடிச்சேன்," என்றாள். பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

நான் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் இடியப்பம் வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். முன்பின் தெரியாத முன்னால் நின்றவரிடம் சொன்னேன், கடைக்காரரிடம் சொன்னேன். வெளியே வந்ததும் மெல்பேர்ன்காரரை அழைத்தேன். அவர் வாரம் முழுக்க என்னோடு பேச வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அந்த வரியைப் போட்டுவிட்டதாக இரண்டு சொல்லில் ஒரு செய்தி அனுப்பியதோடு சரி. நான் மேகலாவின் கதையை முதலிலிருந்து சொன்னேன். வெள்ளிக்கிழமைக் கெடு, அவளுடைய விசாவிலேயே இருக்கும் குடும்பம், மூன்று வாரம் தள்ளிய இருக்கை, சாப்பாட்டு அறைத் தொலைபேசி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தினை பேர் எண்டு சொன்னனீர்?" என்று கேட்டார்.

"மூண்டு பேர், அண்ணை. அவ, புருசன், ஒரு சின்னப்பிள்ளை."

மூண்டு பேர் என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டது கேட்டது. 

"நான் இருபத்திநாலு கொம்பியூட்டர் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்," என்றார்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணி வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.